கூரைமேல் ஏறிய சைக்கிள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், ஜெர்மனியின் மூனிச் நகரத்திலிருந்து தெற்கே புறப்பட்டு, ஆஸ்திரியாவுக்குள் புகுந்து, பிரென்னர் கணவாயில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, இத்தாலியின் கார்டா ஏரிக்கரையை நாடிச் செல்லும் மோட்டார் வண்டிகளில் பல, தலைமேல் இரண்டு சைக்கிள்களை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டு செல்வதைக் காணலாம். அந்த ஏரியைச் சூழ்ந்த மலைப்பாதைகள் சைக்கிள் பிரியர்களிடையே பெயர்போனவை. ஆனால் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தாக வேண்டும். அந்தத் தூரத்தை மிதித்துக் கடக்கத் தெம்போ அவகாசமோ இல்லாத குடும்பஸ்தர்கள், தம்மைச் சுமக்க வேண்டிய வாகனத்தை வேறொரு வாகனத்தின்மீது ஏற்றிச் சுமந்து செல்கிறார்கள்.

இவ்வாறு செல்பவை பெரும்பாலும் பெரிய வண்டிகளல்ல. பின்புறக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும், டிக்கி என்று தனியே ஒன்று பின்னால் நீட்டிக்கொண்டிராத, ஹாட்ச்பேக் வகையைச் சேர்ந்த சிறிய கார்களை இக்கூட்டத்தில் தாராளமாகப் பார்க்கலாம். ஜியார்ஜெட்டோ ஜியூஜாரோ என்ற இத்தாலியர் உருவமைத்துக் கொடுக்க, வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1974-ல் வெளியிட்ட கோல்ஃப் கார், இந்த வகைக்கு ஐரோப்பாவில் ஓர் இலக்கணத்தையே வகுத்துவிட்டது எனலாம். பின் ஆசனங்களை மடித்து, சைக்கிளின் முன் சக்கரத்தையும் கழற்றிவிட்டால், அதன் வயிற்றுக்குள் ஒரு சைக்கிளைப் படுக்க வைப்பது கடினமல்ல. ஆனால் ஆசனத்தை மடித்தபின் குழந்தைகளை எங்கே உட்கார வைப்பது? சைக்கிளா, சந்ததியா என்ற இந்தத் தர்மசங்கடத்துக்குக் கண்ட பரிகாரந்தான் கூரைமேல் பூட்டும் கேரியர்.

கேரியர் பூட்ட நினைக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, இந்த மெல்லிய தகட்டுக் கூரை அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்பதே. கேள்வி நியாயமானதுதான், ஆனால் விடை அதை விநோதமான திசைக்கு இழுத்துச் செல்கிறது. வண்டி குடைசாய்ந்தால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கிவிடக் கூடாதென்பதற்காக அமெரிக்க அரசாங்கம் 1973-ல் அமலுக்குக் கொண்டுவந்த விதி, காரின் சொந்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு விசையைக் கூரையின் ஒரு பக்கத்து முன் மூலையில் செலுத்தினாலும் அது 5 அங்குலத்துக்குமேல் உள்வாங்கக் கூடாது என்று வற்புறுத்தியது. 2009-ல் திருத்தப்பட்டபோது, சாதாரணக் கார்களைப் பொறுத்தமட்டில் அந்த ஒன்றரை மடங்கு மூன்று மடங்காக உயர்ந்தது. அதாவது, 1,300 கிலோ எடையுள்ள கார் ஒன்றின் கூரை, ஒரு மூலையில் மட்டும் ஏறக்குறைய நாலு டன் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். அப்படியிருக்க, கோல்ஃப் காரின் கையேட்டைப் புரட்டினால், கூரைமேல் ஏற்றத்தக்க பாரம், கேரியரின் எடையும் உட்பட, 75 கிலோ மாத்திரமே என்று அச்சிட்டிருக்கிறார்கள். நாலு டன்னைத் தாங்க வல்லவனிடம் முக்கால் குவிண்டாலுக்குமேல் தராதே என்று சொல்வது ஏன்?

இதற்குக் காரணம், நின்றுகொண்டிருக்கும் பாரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. 13 கிலோ எடையுள்ள ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது அது கீழ்நோக்கி 13 கிலோ விசையோடு அழுத்துகிறது, அவ்வளவே. அதே வண்டி மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில், மணிக்கு 36 கிலோமீட்டர் எதிர்க்காற்றை ஊடுருவிச் செல்லும்போது, காற்று அந்தச் சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளும் விசையும், கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 13 கிலோவாகவே இருக்கிறது. திடீரென்று பிரேக்கை அழுத்தி மிதித்தால், வண்டி தயங்கினாலும் தான் தயங்காது முன்னேறிச் செல்ல விரும்பும் ஜடத்துவத்தின் காரணமாக, அது 10 கிலோ விசையோடு முன்னோக்கிப் பாய முயல்கிறது. வளைவில் திரும்பும்போதோ பக்கவாட்டில் சாய்கிறது. ஆக, எடை என்பது கேரியர் தாங்க வேண்டிய பல விசைகளில் ஒன்றே. அதுவும் எப்போதும் ஒரே திசையில் ஒரே அளவில் இருக்கும் மிகச் சாதுவான விசை. மற்றவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய எடைக்குச் சமமாக எழுந்து நிற்பதோடு, திசையையும் அளவையும் கணத்துக்குக் கணம் மாற்றிக்கொள்கின்றன. கேரியர் பூட்டும் கலை முழுவதும், கீழ்நோக்கிய பாரத்தைவிட இந்தக் கிடைமட்ட விசைகளைச் சைக்கிளிலிருந்து வாங்கிக் காரின் எலும்புக்கூட்டில் சேர்ப்பிக்கும் கலையே ஆகும்.

முந்தைய தலைமுறையினருக்கு இந்த வேலை மிகச் சுலபமாக இருந்தது. அக்காலத்துக் கார்களின் கூரையோரத்தில், மழைநீர் கதவுக்குள் வடியாமல் தடுப்பதற்காக, கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருமிடத்தில் ஒரு நீர்த்தாரை விளிம்பு நீண்டிருக்கும். நம் நாட்டில் 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாஸிடர் காரைப் பார்த்தவர்களுக்கு அதை வர்ணிக்க வேண்டியதில்லை. கல்யாணப் பெட்டிகளும் படுக்கைச் சுருள்களும் ஏறிச்சென்ற கேரியர்கள் அந்த விளிம்பைக் கவ்விக்கொண்டுதான் நின்றன. எந்தக் கம்பெனியாரின் கார் ஆனாலும் விளிம்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால், ஒரே கேரியர் எல்லாக் கார்களுக்கும் பொருந்தியது. சுவீடனில் ஸ்மோலாண்ட் பிரதேசத்து ஹில்லர்ஸ்டார்ப் என்ற ஊரில் எரிக் தூலின் என்பவர் 1942-ல் தொடங்கிய தூலே கம்பெனி, முதன்முதலில் செய்து விற்றது பைக் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் பொறியே என்றாலும், 1960-களில் அது கார்க் கூரைச் சாதனங்களின் பக்கம் திரும்பியபோது இந்த நீர்த்தாரை விளிம்பே அதற்குப் பிடிமானமாயிற்று.

பின்னர் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973-க்குப் பிறகு பெட்ரோலின் விலை ஏற ஏற, காற்றின் தடையைக் குறைப்பதில் கார் உற்பத்தியாளர்களுக்குத் திடீரென்று அக்கறை பிறந்தது. கண்ணாடிகளைத் தகட்டோடு சமமட்டமாகப் பதித்து, வெளியே துருத்தியிருந்த உறுப்புக்களையெல்லாம் மழித்து, 1982-ல் வெளிவந்த ஆடி 100 கார், தடைக் குணகத்தை 0.30 என்ற அளவுக்கு இறக்கிக் காட்டிற்று. அந்த மழிப்பில் நீர்த்தாரை விளிம்பும் போய்விட்டது. காற்றை ஏமாற்றுவதற்காக எதை வெட்டி எறிந்தார்களோ, அதுவே சுமை கட்டுபவர்களுக்குப் பிடிமானமாக இருந்ததென்பது இந்தச் சரித்திரத்தில் உள்ள சிறிய விகடம்.

அதன் பலனாக இன்று கேரியர் பூட்டும் முறைகள் பலவாகிவிட்டன. சில கார்களில் கூரையின் நெடுக இரண்டு தண்டவாளக் கம்பிகளை உற்பத்தியாளர்களே அமைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் கூரையோரத்துப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் உள்ளே மரையிட்ட துவாரங்கள் காத்திருக்கும். இவை இரண்டும் இல்லாத வழுக்கைக் கூரைதான் சாமானிய ஹாட்ச்பேக்கின் லக்ஷணம். அதற்குக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் எஃகுக் கொக்கியை மாட்டி, கூரையின்மேல் ரப்பர் பாதத்தை ஊன்றி, இரண்டுக்கும் இடையே திருகாணியை முடுக்கி இறுக்க வேண்டும். கூரையின் வளைவும் விளிம்பின் வடிவமும் காருக்குக் கார் வேறுபடுவதால், கொக்கியையும் ரப்பர் பாதத்தையும் மாத்திரம் அந்தந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்து தனியாக விற்கிறார்கள். குறுக்குச் சட்டமும் கால்களும் பொதுவானவை. கார் மாறினால் கொக்கியை மாற்றினால் போதும் என்பது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் அயல்வீட்டுக்காரரின் கொக்கி தம் காரிலும் எப்படியோ பொருந்திவிட்டது என்று திருப்திப்படுபவர்கள், அந்தக் கொக்கி விளிம்பின் எவ்வளவு நீளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் குனிந்து பார்ப்பது நலம். இரண்டு முனைகளில் மட்டும் தொட்டு நடுவே தூக்கி நிற்கும் கொக்கி, பயணம் முடிவதற்குள் தகட்டை வளைத்துவிடும்.

திருகாணியின் கதை தனிச் சுவையுடையது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சாவியின் முனையில், நாலு கிலோ விசையோடு, அதாவது ஒரு குழந்தைகூடச் செலுத்தக்கூடிய விசையோடு, திருகுகிறோமென்று வைத்துக்கொள்வோம். 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரணத் திருகாணியில் அந்தத் திருப்பம் உண்டாக்கும் இழுவிசை சுமார் 500 கிலோ! நாம் செலவிடும் முயற்சியில் பத்தில் ஒன்பது பங்கு, தலைப்பகுதியின் அடியிலும் மரைகளின் இடையிலும் உராய்வில் வீணாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் ஆணியை இழுத்து நீட்டி, அந்த இழுப்பினால் கொக்கியையும் பாதத்தையும் நெருக்கி அணைக்கிறது. அந்த ஒரு பங்கே அரை டன் ஆகிறதென்றால், சாய்தளத்தை உருளைமேல் சுற்றிவைத்த ஆதி விஞ்ஞானிக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்! இதிலிருந்து இன்னொரு உண்மையும் பெறப்படுகிறது. இலகுவாகத் திரும்பட்டுமே என்று நல்லெண்ணத்தோடு மரையில் எண்ணெய் தடவினால், உராய்வில் வீணாக வேண்டிய பங்கு குறைந்து, அதே கைவிசை ஆணியை அளவுக்கு மீறி இழுத்துவிடும். கதவுச் சட்டம் நெளியும், கூரையில் பள்ளம் விழும். ஆகவேதான் குறித்த அளவை எட்டியதும் ‘களுக்’ என்று வழுகிவிடும் சாவிகளைத் தயாரிப்பாளர்கள் கூடவே கொடுக்கிறார்கள்.

நாலு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக முற்றும் இறுக்கிவிடாமல், மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும் என்று கையேடுகள் கூறுவதற்குக் காரணம், ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கினால் குறுக்குச் சட்டம் அந்தப் பக்கமே இழுபட்டு, மறுபக்கத்துக் கொக்கி விளிம்பில் சரியாக அமராமற் போவதே. மேலும் ரப்பர் என்பது எஃகைப் போன்றதல்ல. அழுத்தத்தின் கீழ் அது மெள்ள மெள்ளத் தளர்ந்து உட்கார்ந்துகொள்ளும் சுபாவமுடையது. அது அரை மில்லிமீட்டர் உட்கார்ந்தால்கூடத் திருகாணியின் இழுப்பு கணிசமாகக் குறைந்துவிடும். புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றபின் வண்டியை ஓரமாக நிறுத்தி, திருகாணிகளை மறுபடி ஒருமுறை சோதிக்கும்படி சொல்வது இதற்காகத்தான். இந்த ஒரு உபதேசத்தைப் பின்பற்றுகிறவர்கள் மிகச் சிலரே என்பது என் அபிப்பிராயம்.

இனி, சட்டத்தின்மேல் சைக்கிளை நிறுத்தும் சாதனத்துக்கு வருவோம். இதில் மூன்று சம்பிரதாயங்கள் உள்ளன. முதலாவது, முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, போர்க்கின் நுனிகளை ஒரு சிறிய அச்சில் பூட்டிவிடுவது. டூலியோ கம்பஞோலோ என்ற இத்தாலியப் பந்தய வீரர், 1927-ல் டோலமைட் மலைச்சாரலில் குரோச்சே தெளனே கணவாயில், குளிரில் விரல் மரத்துப்போய்ச் சக்கரத்தின் சிறகு மரையைத் திருகி எடுக்க முடியாமல் பந்தயத்தைத் தோற்றாரென்றும், அந்த ஆற்றாமையிலிருந்தே நெம்புகோலை ஒருமுறை மடக்கினால் சக்கரம் விடுபடும் பூட்டைக் கண்டுபிடித்தாரென்றும் சொல்வதுண்டு. அந்தப் பூட்டு வந்திராவிட்டால் இந்த முறையே தோன்றியிராது. இதில் சைக்கிள் தாழ்வாக நிற்கும், உறுதியாகவும் நிற்கும். கழற்றிய சக்கரத்தை எங்கே வைப்பது, டிஸ்க் பிரேக்கோடு வரும் புதிய சைக்கிள்களின் தடித்த ஊடச்சுக்கு எந்த இணைப்பு பொருந்தும் என்பவையே தொந்தரவுகள்.

இரண்டாவது முறையில், இரண்டு சக்கரங்களும் ஒரு நீண்ட தொட்டியில் நிற்க, கீழிருந்து எழும் கை ஒன்று சைக்கிளின் சாய்வுக் குழாயைத் தாடைபோல் கவ்விப் பிடிக்கிறது. மிகப் பரவலானதும், என் பார்வையில் சராசரி மனிதனுக்கு மிகவும் சௌகரியமானதும் இதுதான். பிரேக் பிடிக்கும்போது சைக்கிள் முன்னோக்கிப் பாய முயல்வதாகச் சொன்னேன் அல்லவா? அந்த 10 கிலோ விசை, தொட்டியிலிருந்து அரை மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள சைக்கிளின் ஈர்ப்பு மையத்தில் வேலை செய்வதால், அதைத் தலைகுப்புறக் கவிழ்க்கும் திருப்புத்திறனாக மாறுகிறது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் கட்டும் வார்கள், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்குமேல் தள்ளியிருப்பதால், இந்தத் திருப்பத்தைச் சுலபமாகச் சமாளிக்கின்றன. கையின் முக்கிய வேலை, சைக்கிள் பக்கவாட்டில் விழாமல் பார்த்துக்கொள்வதே. ஆகவே கையை எவ்வளவு இறுக்கினாலும், சக்கரத்து வாரை அலட்சியமாக விட்டவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

கார்பன் இழையால் செய்த விலையுயர்ந்த சைக்கிள்களுக்கு இந்தத் தாடை ஆகாது. கார்பன் இழை தன் நீளவாக்கில் இழுக்கப்படும்போது எஃகையும் நாணச் செய்யும் வலிமை உடையது. சைக்கிளைச் செய்தவர்களும் மிதிப்பவரின் விசை செல்லும் திசையை அனுசரித்தே இழைகளை அடுக்கியிருப்பார்கள். ஆனால் மெல்லிய சுவருள்ள அந்தக் குழாயை இரு பக்கங்களிலிருந்தும் நசுக்கும் விசைக்கு அவர்கள் ஏற்பாடு செய்யவில்லை. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே இழையடுக்குகள் பிரிந்துவிடலாம். இதற்காக ஏற்பட்ட மூன்றாவது முறை, குழாயைத் தொடாமல் முன் சக்கரத்தை மட்டும் இரு வளைகைகளால் அணைத்துக்கொள்கிறது.

இப்போது 75 கிலோக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு குறுக்குச் சட்டங்களும் கால்களும் சேர்ந்து 5 கிலோ. சைக்கிள் தாங்கி ஒன்றுக்கு 4 கிலோவாக மூன்றுக்கு 12. தலா 13 கிலோ எடையுள்ள சைக்கிள்கள் மூன்று 39. மொத்தம் 56. ஆகவே மூன்று சைக்கிள்களுக்கு இடமுண்டு. அகலம் இடம் கொடுத்தால் நாலாவதற்கும் கணக்கு இடிக்காது. ஆனால் 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிள்கள் இரண்டை ஏற்ற விரும்புபவருக்குக் காரின் கணக்கு சரியாக இருந்தாலும், தாங்கியின் கணக்கு உதைக்கும். தாங்கிகள் பலவும் ஒன்றுக்கு 20 கிலோவுக்குமேல் ஏற்கமாட்டா. அவற்றைத் தலைக்குமேல் தூக்கி ஏற்றும் முதுகின் கணக்கை நான் சேர்க்கவில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நிறைவு பெறாது. காற்றின் தடை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நாலு மடங்கு. எதிர்ப்படும் பரப்பையும், அந்த உருவம் காற்றை எவ்வளவு தொல்லைப்படுத்துகிறது என்பதைக் காட்டும் குணகத்தையும் பெருக்கி வரும் எண்ணை ‘தடைப் பரப்பு’ என்று வைத்துக்கொண்டால், ஒரு நல்ல ஹாட்ச்பேக்குக்கு அது சுமார் 0.66 சதுர மீட்டர். ஆளில்லாத சைக்கிளுக்குச் சுமார் 0.1 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத, காற்று ஊடே புகுந்து போகக்கூடிய கம்பிக் கூடு அவ்வளவு தடை செய்வானேன் என்று தோன்றும். ஆனால் உருண்டைக் குழாய்களும், ஆரக்கம்பிகளும், குறுக்கே நீண்ட ஹேண்டில்பாரும் தனித்தனியே காற்றைக் கிழித்துத் தனித்தனியே பின்சுழல்களை உண்டாக்குவதால், வழவழப்பான ஒரு பெரிய உடலைவிட அளவுக்கு அதிகமான தொல்லையையே அவை தருகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காரின் காற்றுத் தடை ஏறக்குறைய 31 கிலோ விசை. கூரைமேலுள்ள இரு சைக்கிள்கள் அதனோடு இன்னும் 9 அல்லது 10 கிலோவைச் சேர்க்கின்றன. டயர்கள் உருள்வதில் ஏற்படும் தடையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சின் வெல்ல வேண்டிய மொத்தத் தடை ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகிவிடுகிறது.

இதுவும் குறைத்துப் போட்ட கணக்கே. காரின் முன்கண்ணாடியில் மோதி மேலேறும் காற்று, கூரையின் முன்பகுதியை வளைந்து கடக்கும்போது, காரின் வேகத்தைவிட அதிக வேகத்தில் பாய்கிறது. குறுக்கிடும் பொருளைச் சுற்றிச் செல்லும் ஓட்டம் நெருக்கப்பட்டு விரைவதென்பது பெர்னூலி காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. சைக்கிளை நாம் கொண்டுபோய் நிறுத்துவது அந்த விரைந்த ஓட்டத்தின் நடுவில்! அமெரிக்க அரசாங்கத்தின் எரிபொருள் சிக்கன அறிவிப்பும், பெரிய மொண்ணைக் கூரைப்பெட்டி ஒன்று நகருக்குள் 2 முதல் 8 சதவிகிதமும், விரைவுச் சாலையில் 10 முதல் 25 சதவிகிதமும் பெட்ரோல் சிக்கனத்தைக் குறைக்கும் என்று எச்சரிக்கிறது; நகருக்கும் விரைவுச் சாலைக்கும் இடையேயுள்ள இந்தப் பெரிய வித்தியாசம், காரணம் எடையல்ல, காற்றுதான் என்பதற்குப் போதிய சாட்சி.

தடையோடு சங்கீதமும் கூடவே வருகிறது. வெறும் குறுக்குச் சட்டங்களோடு வேகமாகச் செல்லும் காருக்குள் ஒரு சீரான முனகல் கேட்பதுண்டு. காற்று ஓர் உருளைக் கம்பியைக் கடக்கும்போது, அதன் பின்னால் மேலும் கீழும் மாறிமாறிச் சுழல்கள் கழன்று செல்கின்றன. ஒவ்வொரு சுழலும் கழலும்போது கம்பியும் காற்றும் ஓர் அதிர்வைப் பெறுகின்றன. செக் நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரோஹால், கம்பிகளைக் காற்றில் சுழற்றி எழும் ஒலியை ஆராய்ந்து, அதன் அதிர்வெண் காற்றின் வேகத்துக்கு நேராகவும் கம்பியின் தடிப்புக்கு எதிராகவும் மாறுவதை 1878-ல் எடுத்துக் காட்டினார். வேகத்தைத் தடிப்பால் வகுத்து ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் அதிர்வெண் கிடைத்துவிடும். 28 மில்லிமீட்டர் தடித்த உருண்டைச் சட்டத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கடந்தால், விநாடிக்கு ஏறக்குறைய 200 அதிர்வுகள். ஓர் ஆண் பாடகரின் குரலுக்கு எட்டும் சுருதி. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். சட்டத்தின் மேற்பக்கத்தில் சாதனங்களைச் செருகுவதற்கென்று விட்ட காடியை ரப்பர் பட்டையால் மூடாமல் விட்டால், காலிச் சீசாவின் வாயில் ஊதினாற்போல் அதுவும் தன் பங்குக்குச் சீழ்க்கையடிக்கும்.

இந்த முனகலை அடக்க, சட்டத்தை மீனின் உடல்போல் முன்னே உருண்டு பின்னே ஒடுங்கும் வடிவில் செய்வது இக்கால வழக்கம். சுழல்கள் மாறிமாறிக் கழல்வதற்கு அது இடங்கொடுப்பதில்லை. பழைய உருண்டைச் சட்டம் வைத்திருப்பவர்களோ, ஒரு கயிற்றை எடுத்துச் சட்டத்தைச் சுற்றித் திருகுபாதையாகக் கட்டிவிடுகிறார்கள். நாட்டுவைத்தியம்போல் தோன்றும் இந்த உபாயம் முற்றிலும் சாஸ்திரீயமானது. பிரிட்டிஷ் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்க்ரூட்டன் என்பவர், உயரமான எஃகுப் புகைபோக்கிகள் காற்றில் ஆடுவதைத் தடுக்க அவற்றின் உச்சியில் திருகுபாதையாகத் தகட்டு வரம்புகளைச் சுற்றிவிடலாம் என்று காட்டியது இதே தத்துவத்தின்மேல்தான். சட்டத்தின் ஒவ்வோரிடத்திலும் சுழல் வெவ்வேறு கணத்தில் கழலுமாறு செய்துவிட்டால், எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்து ஒலிக்க முடியாது.

கூரைச் சுமை காரின் நடத்தையையும் மாற்றுகிறது. 1,300 கிலோ எடையுள்ள காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதென்றால், இரண்டு மீட்டர் உயரத்தில் 75 கிலோவை ஏற்றியதும் அது 63 சென்டிமீட்டராக உயர்கிறது. இதனால் கார் குடைசாய்ந்துவிடாது. அதற்கு முன்பே டயர்கள் வழுக்கிவிடும். ஆனால் வளைவுகளில் உடல் அதிகமாகச் சாயும். சாய்ந்தது நிமிரத் தாமதிக்கும். பாலங்களின்மேலும் மலை இடுக்குகளிலும் குறுக்கே வீசும் காற்று வண்டியைத் தள்ளும் தள்ளல் புதிதாகத் தெரியும். நாலு டன் தாங்கும் கூரைக்கு 75 கிலோ வரம்பு ஏன் என்ற கேள்விக்கு இதுவும் விடையின் ஒரு பகுதி. கேரியர் தயாரிப்பாளர்கள் மணிக்கு 130 கிலோமீட்டருக்குமேல் போகவேண்டாம் என்று சொல்வது விடையின் மறுபகுதி.

ஹாட்ச்பேக்குக்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கடத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் பின்கதவு, கூரையின் கடைசியில் கீல் பூட்டியிருப்பதால், திறக்கும்போது மேலே எழுந்து கூரைப்பக்கமாகச் சாய்கிறது. கதவின் உச்சியில் துருத்தியிருக்கும் அலங்காரச் சிறகு வேறு. கூரையோ குறுகியது, சைக்கிளோ ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம். பின் சக்கரம் கூரைக்கு அப்பால் நீண்டிருந்தால், ஊர் போய்ச் சேர்ந்து சாமான் எடுக்கக் கதவைத் திறந்ததும் சக்கரத்தில் கதவு இடிக்கும். வீட்டிலேயே, சைக்கிளை ஏற்றியபின் கதவை மெள்ளத் திறந்து பார்த்து, தேவையானால் தாங்கியைச் சிறிது முன்னே தள்ளிக்கொள்வதே வழி.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரின் உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சட்டமும் தொட்டியும் சேர்ந்து 10 சென்டிமீட்டர். அதன்மேல் சைக்கிள் ஒரு மீட்டருக்குமேல். மொத்தம் 2.6 மீட்டர். ஐரோப்பிய நகரங்களின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களின் வாயிலில் தொங்கும் பலகையோ, பெரும்பாலும் 2 மீட்டர் அல்லது அதைச் சற்றே தாண்டிய எண்ணைக் காட்டும். ஓட்டுபவருக்குத் தலைமேல் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாள் முழுதும் ஓட்டியபின் நினைவிலும் இருப்பதில்லை. புயலும் பிரேக்கும் செய்யாத சேதத்தைத் தம் வீட்டுக் கொட்டகையின் உத்தரமே செய்துவிட்டதாகச் சொல்பவர்களை ஐரோப்பாவில் எங்கும் சந்திக்கலாம்.

கூரைக்குப் பதில் காரின் பின்னால் சைக்கிளைத் தொங்கவிட்டால் என்ன? காற்றைப் பொறுத்தவரை அதுவே புத்திசாலித்தனம். ஹாட்ச்பேக்கின் பின்புறச் சரிவின் கோணம் சுமார் 30 பாகையை நெருங்கும்போது காற்றோட்டம் திடீரென்று குணம் மாறுகிறதென்பதை வோக்ஸ்வாகன் பொறியாளர் ஹூகோ முதலியோர் 1970-களில் கோல்ஃப் காரை ஆராய்ந்தபோதே கண்டார்கள். 1984-ல் அஹமத் என்பவரும் சகாக்களும் ஒரு எளிய செங்கல் வடிவ மாதிரியை வைத்து அதை விளக்கமாக அளந்து வெளியிட்டனர். எந்தக் கோணமானாலும், மொண்ணையான பின்பக்கத்தின் பின்னால், காரோடு இழுபட்டுவரும் சோம்பிய காற்றுப் பிரதேசம் ஒன்று உண்டு. சைக்கிள்கள் அதற்குள் ஒளிந்துகொண்டால், கூரைமேல் தந்த தொல்லையில் சிறு பகுதியையே தருகின்றன. வண்டி இழுப்பதற்காகப் பின்னால் பூட்டும் 50 மில்லிமீட்டர் எஃகுக் குண்டின்மேல் அமரும் தாங்கிகள் இவ்வகையில் மிகச் சிறந்தவை. மின்சார சைக்கிளுக்குப் பெரும்பாலும் இதைத் தவிர வேறு கதியில்லை. ஆனால் குண்டு பூட்டச் செலவாகும். நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறைந்துபோவதால் அவற்றுக்கு மறுபதிப்பு வேண்டும். கதவின்மேலேயே வார்களால் கட்டும் மலிவுத் தாங்கிகளை என்னால் சிபாரிசு செய்ய இயலவில்லை. தன்னையே தூக்கி நிறுத்த வாயுத் தண்டுகளின் தயவை நாடும் ஒரு மெல்லிய கதவின் விளிம்பில், குலுங்கும் பாரத்தைத் தொங்கவிடுவது அதன் கீல்களுக்குச் செய்யும் அநியாயம்.

எனவே குண்டு இல்லாதவருக்குக் கூரையே கதி. ஆனால் விடுமுறை முடிந்தபின்னும், அடுத்த வருஷமும் வேண்டுமே என்று வெறும் சட்டங்களைக் கூரையிலேயே விட்டுவைக்கும் பழக்கம் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறது. அமெரிக்காவில் சென், மைய்யர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, கூரைக் கேரியர்களால் மட்டும் அந்த நாட்டில் வருஷத்துக்கு 10 கோடி காலன் பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது. அதில் வெறுமனே சுற்றித்திரியும் கேரியர்களுக்கும் பங்குண்டு. கழற்றுவதற்குப் பத்து நிமிஷம் போதும். கழற்றியபின், ரப்பர் பாதங்களின் அடியிலும் அவை நின்றிருந்த இடத்திலும் சேர்ந்திருக்கும் மணலை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மறுபடி பூட்டும் நாளிலும் அவ்வாறே செய்ய வேண்டும். இல்லாவிட்டால், சைக்கிளைக் காற்றிலிருந்து காப்பாற்றுவதற்காகத் திருகாணி உண்டாக்கும் அதே அரை டன் விசை, மணலைப் பாதத்துக்கும் கூரைக்கும் இடையே வைத்து அழுத்தி, வழி நெடுகக் குலுங்கும் குலுக்கலில் வர்ணத்தைத் தகடு தெரியும்வரை தேய்த்துவிடும்.